ஒன்றாம் வகுப்புக் கணக்கு: ஓராண்டை எப்படித் திட்டமிடுவது?

புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியரிடம் ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தால், அவர் முதலில் புரட்டிப் பார்ப்பது கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கத்தை. இத்தனை பாடம், இத்தனை வாரம், வகுத்துப் பார்த்தால் வாரத்துக்கு இவ்வளவு பக்கம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார். முதல் ஆண்டு நானும் அப்படித்தான் செய்தேன். மார்ச் மாதத்திலேயே புத்தகம் முடிந்துவிட்டது. பயிற்சிப் பக்கங்கள் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் சரிக்குறி.

ஏப்ரலில் ஒருநாள் மேசையில் ஈர்க்குச்சிகளைப் பரப்பி வைத்து, ஒரு பெண் குழந்தையிடம் "பதினாலு குச்சி எடு கண்ணு" என்றேன். ஒரு குச்சியை எடுத்து இடப்பக்கம் வைத்தாள். நாலு குச்சியை எடுத்து வலப்பக்கம் வைத்தாள். "முடிச்சிட்டேன் டீச்சர்" என்றாள். 14 என்று அழகாக எழுதத் தெரிந்த குழந்தை அவள். 1 என்ற எழுத்துக்கு ஒரு குச்சி, 4 என்ற எழுத்துக்கு நாலு குச்சி. அவள் பார்த்ததைத்தான் அவள் செய்தாள். அந்த 1 பத்து குச்சிகளைச் சுமந்துகொண்டு நிற்கிறது என்பதை ஓராண்டில் ஒரு முறைகூட அவள் கையால் உணரும்படி நான் செய்யவில்லை.

அந்த நாளுக்குப் பிறகுதான் ஆண்டுத் திட்டம் என்றால் என்ன என்று உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினேன். இப்போதுதான் ஆரம்பிக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெற்றோருக்கும் அதை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

பாடத்திட்டம் வேறு, ஆண்டுத் திட்டம் வேறு, பாடக்குறிப்பு வேறு. எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டம் சொல்லிவிடுகிறது. அது நம் கையில் இல்லை. இன்றைக்கு வகுப்பில் என்ன செய்யப்போகிறேன் என்பது பாடக்குறிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஆண்டுத் திட்டம்: எதற்குப் பின் எது, எதற்கு எத்தனை வாரம், எதை மறுபடி மறுபடி தொடவேண்டும், எதை வேகமாகக் கடந்துவிடலாம். இந்த நான்கில் ஆசிரியர்கள் மிகக் குறைவாக யோசிப்பது இரண்டாவதைத்தான். எல்லாப் பாடத்துக்கும் சமமாக வாரங்களைப் பங்கிட்டால் நியாயமாகத் தோன்றும். குழந்தைக்கு அது பெரும் அநியாயம். வடிவங்களுக்கு இரண்டு வாரம் போதும். பத்து என்ற எண்ணுக்கு இரண்டு மாதம் வேண்டும்.

முதலில் நாட்களை எண்ணுங்கள்

கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஓராண்டில் குறைந்தது 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் இருக்கவேண்டும் என்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 வாரம். ஆனால் அந்த 40 வாரமும் நமக்குக் கிடைக்காது. ஜூன் மாத முதல் இரண்டு வாரம் குழந்தைகள் அழுகையை நிறுத்துவதற்கும், நாம் அவர்களைத் தெரிந்துகொள்வதற்கும் போய்விடும். மூன்று பருவ முடிவிலும் மீள்பார்வைக்கும் மதிப்பீட்டுக்கும் ஒவ்வொரு வாரம். மழை, ஊர்த் திருவிழா, ஆசிரியர் பயிற்சி, ஆண்டு விழா என்று சிதறிப் போகும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் மூன்று வாரம். எட்டு வாரத்தைக் கழித்துவிட்டு 32 வாரம் என்று வைத்துக்கொள்வதுதான் நான் பின்பற்றும் வழக்கம்.

தமிழ்நாட்டில் ஆண்டு மூன்று பருவமாகப் பிரிந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரி முதல் ஏப்ரல் வரை மூன்றாம் பருவம். 32 வாரத்தில் முதல் பருவத்துக்குச் சுமார் 12, இரண்டாவதற்கு 9, மூன்றாவதற்கு 11 கிடைக்கும். இரண்டாம் பருவம் எப்போதும் மெலிந்த பருவம். வடகிழக்குப் பருவமழை அதன் நடுவில்தான் வந்து நிற்கும். திங்கள் பள்ளி, செவ்வாய் விடுமுறை, புதன் பாதி வகுப்பு என்று போகும் நவம்பர் மாதத்தில் தொடர்ச்சி தேவைப்படும் எதையும் புதிதாக ஆரம்பிக்கக் கூடாது. விட்டு விட்டு வந்தாலும் கெட்டுப் போகாத வேலையைத்தான் அங்கே வைக்கவேண்டும். அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வகுப்புக் குழந்தைகளின் எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமாக மத்திய அரசு 2021ஆம் ஆண்டு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்குப்படி, ஒன்றாம் வகுப்பு முடிவில் குழந்தை 99 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும், எளிய கூட்டல் கழித்தல் செய்யவும் வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவில் 999 வரை. மூன்றாம் வகுப்பு முடிவில் 9999 வரையும் எளிய பெருக்கலும். தமிழ்நாட்டில் 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இதே அடிப்படைத் திறன்களை மனத்தில் வைத்துத்தான் அமைக்கப்பட்டது.

99 என்ற இலக்கைப் பார்த்ததும் மாதத்துக்குப் பத்துப் பத்தாக முன்னேறலாம் என்று தோன்றும். ஜூனில் 10, ஜூலையில் 20, ஆகஸ்டில் 30. இதைவிடப் பெரிய தவறு கிடையாது. 10க்குள் இருக்கும் எண்களைக் குழந்தை கரைத்துக் குடித்துவிட்டால், 20க்கு மேல் 99 வரை ஆறே வாரத்தில் போய்விடலாம். 10க்குள் ஆட்டம் கண்டிருந்தால் ஆண்டு முழுக்க ஓட்டினாலும் 99 வராது. வந்ததுபோல் தெரியும், அவ்வளவுதான்.

எண்ணத் தெரிவது என்றால் என்ன?

"என் பையன் நூறு வரைக்கும் சொல்லுவான் டீச்சர்" என்று பெருமையோடு அழைத்துவரும் அம்மாக்கள் நிறையப் பேர். அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் எண்களை வரிசையாகச் சொல்வதும் பொருட்களை எண்ணுவதும் ஒன்றல்ல. முன்னது பாட்டு மாதிரி. பின்னதற்குள் பல திறமைகள் ஒளிந்திருக்கின்றன.

ரோச்செல் கெல்மன், ராண்டி கேலிஸ்டல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் இவற்றை ஐந்தாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்லவேண்டும். எண்களின் வரிசை மாறக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் எத்தனை என்பதைச் சொல்கிறது. புளியங்கொட்டையோ கைதட்டலோ, எதையும் எண்ணலாம். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மொத்தம் மாறாது.

இவற்றில் மூன்றாவதைத்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஏழு புளியங்கொட்டையைக் குழந்தை முன் வையுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு" என்று எண்ணி முடித்ததும், "அப்போ எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். "ஏழு" என்று உடனே சொன்னால் சரி. மறுபடி "ஒண்ணு, ரெண்டு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தால், அந்தக் குழந்தைக்கு ஏழு என்பது கடைசிக் கொட்டையின் பெயர் மட்டுமே. மொத்தக் குவியலின் பெயராக அது இன்னும் மாறவில்லை. இந்தக் குழந்தைக்குக் கூட்டல் சொல்லித்தருவது அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்புவது மாதிரி. ஜூன் மாதத்தில் ஒவ்வொரு குழந்தையிடமும் தனித்தனியாக இந்த ஒரு கேள்வியைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்துவிட்டால், ஆண்டுத் திட்டத்தின் பாதி தானாக எழுதிக்கொள்ளும்.

முதல் பருவத்தை நான் இப்படி வைப்பேன். 1 முதல் 5 வரை நான்கு வாரம். 6 முதல் 10 வரை நான்கு வாரம். பூஜ்யமும், அதிகம் எது குறைவு எது என்ற ஒப்பீடும் இரண்டு வாரம். ஒரு எண்ணைப் பிரிப்பதும் சேர்ப்பதும் இரண்டு வாரம். 5க்கு நான்கு வாரமா என்று சிலர் கேட்பார்கள். குழந்தை 5 என்று எழுதுவதற்கு ஒரு நாள் போதும். ஐந்து என்பது நாலும் ஒன்றும், மூன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் நாலும், பூஜ்யமும் ஐந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்குத்தான் நான்கு வாரம்.

இதற்கு நம்மூர் விளையாட்டுகளைவிட நல்ல கருவி இல்லை. அஞ்சாங்கல்லை நினைத்துப் பாருங்கள். ஒரு கல்லை மேலே எறிந்துவிட்டுக் கீழே கிடக்கும் நாலு கல்லை எடுக்கவேண்டும். முதல் ஆட்டத்தில் ஒவ்வொன்றாக. அடுத்ததில் இரண்டிரண்டாக. அதற்கடுத்து மூன்றும் ஒன்றுமாக. கடைசியில் நாலையும் ஒரே அள்ளலில். நாலை எப்படியெல்லாம் பிரிக்கலாம் என்பதை ஒரு குழந்தை பேசாமலேயே கற்றுக்கொள்கிறது. ஐந்து வயதுக் கைக்கு எறிந்து பிடிப்பது கடினம். தரையில் வைத்தே எடுக்கச் சொல்லலாம். பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாகப் போட்டுக்கொண்டு போவது, ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற பழக்கத்தைக் கைக்கே சொல்லித் தந்துவிடும். தாயக்கட்டையிலும் இரண்டு கட்டையின் புள்ளிகளைக் கூட்டத்தான் வேண்டும். அங்கே ஒன்றை மட்டும் கவனிக்கவேண்டும். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் ஆட்டத்தில் பன்னிரண்டு. பூஜ்யம் நடத்தும் வாரங்களில் அந்த விதியை எடுத்துவிட்டு, வெறுமை என்றால் பூஜ்யம் என்றே ஆடவைக்கிறேன்.

எண்களை எழுதும்போது 2, 5, 6, 9 எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். இந்த வயதில் அது சாதாரணம். சரியாக எழுதிக் காட்டிவிட்டு நகரலாம். அதற்காக ஒரு பக்கம் முழுக்க எழுதவைத்துத் தண்டிக்கத் தேவையில்லை.

குச்சியிலிருந்து எழுத்துக்கு

ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் சொன்ன ஒரு கருத்து இன்றும் உலகெங்கும் தொடக்கக் கணக்கு வகுப்புகளை நடத்திக்கொண்டிருக்கிறது. குழந்தை முதலில் செய்து அறிகிறது, பிறகு படமாக அறிகிறது, பிறகு குறியீடாக அறிகிறது. மூன்று கொட்டையையும் இரண்டு கொட்டையையும் கையால் ஒன்றுசேர்ப்பது முதல் படி. மூன்று வட்டமும் இரண்டு வட்டமும் வரைவது இரண்டாவது. 3 + 2 = 5 என்று எழுதுவது மூன்றாவது.

ஆண்டுத் திட்டத்தில் இதற்கு என்ன வேலை என்றால், ஒவ்வொரு புதுக் கருத்துக்கும் இந்த மூன்று படிக்கும் நாள் ஒதுக்கவேண்டும். நாம் வழக்கமாக ஒரே வகுப்பில் மூன்றையும் முடித்துவிடுகிறோம். கரும்பலகையில் மூன்று மாம்பழம் வரைந்து, பக்கத்தில் இரண்டு வரைந்து, கீழே 3 + 2 = 5 எழுதி, "புரிஞ்சுதா?" என்று கேட்கிறோம். எல்லாரும் "புரிஞ்சுது டீச்சர்" என்பார்கள். கூட்டல் குறியைக் குழந்தையின் கண்ணில் காட்டுவதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் வெறும் கொட்டையோடும் வாய்ப்பேச்சோடும் கூட்டல் நடக்கவேண்டும் என்பது என் அனுபவம். "பேருந்துல அஞ்சு பேர் இருந்தாங்க, ரெண்டு பேர் ஏறினாங்க" என்று கதையாகச் சொல்லிச் சொல்லி விளையாடிய குழந்தைக்கு + என்பது புதுப் பூச்சாண்டியாகத் தெரியாது. தனக்குத் தெரிந்த ஒன்றைச் சுருக்கி எழுதும் வழியாகத் தெரியும்.

சமக்குறியைப் பற்றி ஒரு வார்த்தை. 3 + 4 = என்று மட்டுமே எழுதிப் பழகிய குழந்தை, = என்றால் "விடையை இங்கே போடு" என்று நினைத்துக்கொள்கிறது. பெரிய வகுப்பில் சமன்பாடு வரும்போது இந்த நினைப்பு பெரும் இடைஞ்சல். ஒன்றாம் வகுப்பிலேயே 7 = 3 + 4 என்றும், 5 + 1 = 3 + 3 என்றும் எழுதிக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு தராசு வரையுங்கள். இரண்டு தட்டிலும் ஒரே அளவு. செலவில்லாத வேலை, பலன் பல வருடத்துக்கு.

மழைக்காலத்து வேலை

இரண்டாம் பருவத்துக்கு வருகிறேன். விட்டு விட்டு வந்தாலும் கெடாத வேலை என்று சொன்னேனே, அது பத்தின் ஜோடிகள். 9ம் 1ம், 8ம் 2ம், 7ம் 3ம், 6ம் 4ம், 5ம் 5ம். இதைத் தொடர்ச்சியாக நடத்தத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம் போதும். நான் ஆறு விரலைக் காட்டுவேன், குழந்தைகள் நாலு விரலைக் காட்டவேண்டும். பத்துப் புளியங்கொட்டையை இரண்டு கையிலும் பிரித்து மறைத்து, ஒரு கையைத் திறந்து காட்டி, மூடிய கையில் எத்தனை என்று கேட்பேன். வகுப்பில் நாலே பேர் வந்திருக்கும் மழை நாளிலும் இந்த ஆட்டம் நடக்கும். மறுநாள் மற்றவர்கள் வந்தாலும் எதையும் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

அக்டோபர் முதல் மூன்று வாரம் இதை வலுவாக வைத்துவிட்டு, அடுத்த நான்கு வாரம் 10க்குள் கூட்டல் கழித்தல், கடைசி இரண்டு வாரம் 11 முதல் 20 வரை. இதற்குமேல் இரண்டாம் பருவத்தில் திணிக்கக் கூடாது.

கழித்தலில் ஒரு பொறி இருக்கிறது. "ஏழு கொய்யாவில் மூணைத் தின்னுட்டா மிச்சம் எத்தனை?" என்பது எடுத்துவிடும் கழித்தல். "உன்கிட்ட ஏழு, தம்பிகிட்ட நாலு. உன்கிட்ட எத்தனை அதிகம்?" என்பது ஒப்பிடும் கழித்தல். இரண்டாவது கேள்விக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பெரும்பாலும் "ஏழு" என்றே பதில் சொல்வார்கள். யாரிடம் அதிகம் என்று கேட்டதாகத்தான் அவர்கள் காதில் விழுகிறது. எங்கேயும் எதுவும் குறையவில்லையே, அப்புறம் எப்படி அது கழித்தல்? இரண்டு வரிசையாகக் கொட்டையை அடுக்கி, ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டு இணைத்து, ஜோடி இல்லாமல் நிற்பவை எத்தனை என்று கேட்டால் புரியும். இது மெதுவாக வரும் விஷயம். அதனால் எடுத்துவிடும் கழித்தலை இரண்டாம் பருவத்திலும், ஒப்பிடும் கழித்தலை மூன்றாம் பருவத்திலும் பிரித்து வைக்கிறேன்.

தமிழ் எண்களின் வரம்

இப்போது 99 வரை. இங்கே நம் மொழி நமக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. பதிமூணு என்றால் பத்தும் மூணும். முப்பத்தி நாலு என்றால் மூன்று பத்தும் நாலும். சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றே: பத்து முன்னால், ஒன்று பின்னால். ஆங்கிலத்தில் தர்ட்டீன், ஃபோர்ட்டீன் என்று 13 முதல் 19 வரை ஒன்று முன்னால் வந்துவிடும். தர்ட்டீனும் தர்ட்டியும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். ஜெர்மனிலும் அரபியிலும் 21ஐ ஒன்றும் இருபதும் என்று சொல்வார்கள். இந்தியில் 99 வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவேண்டும். தமிழில் ஒன்று முதல் பத்து வரையும், இருபது, முப்பது என்ற பெயர்களும் தெரிந்தால் மற்றவை தானாக வந்து விழும். ஆங்கில வழிப் பிரிவில் படிக்கும் குழந்தைக்கும் முதலில் தமிழில் 99 வரை அழுத்தமாகக் காட்டிவிட்டுப் பிறகு ஆங்கிலப் பெயர்களுக்குப் போகலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

உதவி செய்யும் அதே மொழி இரண்டு இடத்தில் காலை வாரும். ஒன்று, இருபத்தி ஒன்றை 201 என்று எழுதுவது. இருபது கேட்டது, 20 எழுதியாயிற்று. ஒன்று கேட்டது, 1 எழுதியாயிற்று. கவனித்துக் கேட்டதால் வந்த தவறு இது. இதற்கு நல்ல மருந்து அட்டை. 20 என்று எழுதிய நீள அட்டை ஒன்று, 1 என்று எழுதிய சின்ன அட்டை ஒன்று. சின்ன அட்டையை 20இன் பூஜ்யத்தின் மேல் வைத்து மூடினால் 21. தூக்கினால் உள்ளே இருபது பத்திரமாக இருக்கிறது. குழந்தைகள் இதைத் திறந்து திறந்து பார்ப்பார்கள்.

இன்னொரு இடம் தொண்ணூறு. இருபது, முப்பது, எண்பது எல்லாம் "பது" என்று முடிகின்றன. தொண்ணூறு மட்டும் "நூறு" என்று முடிகிறது. அதோடு ஒன்பது என்ற சின்ன எண் வேறு "பது" என்று முடிந்து தொலைக்கிறது. எண்பத்தொன்பதுக்குப் பிறகு "எண்பத்திப் பத்து" என்று சொல்லும் குழந்தை விதியைச் சரியாகப் பிடித்திருக்கிறது, மொழிதான் விதியை மீறியிருக்கிறது. தொண்ணூறு என்று சொன்னால் 100 என்றோ 900 என்றோ எழுதுபவர்களும் உண்டு. இங்கே விளக்கம் பயன்படாது. பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டிய ஒன்பது கட்டுகளை எடுத்து மேசையில் வைத்து, "இதுக்குப் பேர் தொண்ணூறு" என்று பல நாள் சொல்லவேண்டியதுதான். திட்டத்தில் தொண்ணூறுக்கு மட்டும் தனியாக மூன்று நாள் எழுதி வைக்கிறேன்.

கட்டு என்றேன். அதுதான் இந்த ஆண்டின் முக்கியமான பொருள். பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் ஒரு கட்டு. குழந்தையே எண்ணி, குழந்தையே கட்டவேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் பாதிப் பலன் போய்விடும். 34 என்றால் மூன்று கட்டும் நாலு தனிக் குச்சியும். பத்து ரூபாய்த் தாளையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்தே இதைச் சொல்லித்தரலாமே என்று சிலர் ஆரம்பிப்பார்கள். அது பின்னால் வரவேண்டியது. கட்டைப் பிரித்தால் உள்ளே பத்துக் குச்சி தெரியும். பத்து ரூபாய்த் தாளுக்குள் பத்து நாணயம் தெரியாது. அதை நம்பிக்கையின்பேரில் ஏற்றுக்கொள்ளவேண்டும். முதலில் கண்ணால் பார்த்து நம்பட்டும், பிறகு பணம் வரட்டும். பிப்ரவரியில் வகுப்புக்குள் ஒரு கடை வைத்தால் சரியாக இருக்கும்.

ஜனவரி முதல் இந்தக் கட்டு வேலைக்கு ஆறு வாரம். அதன்பின் 20க்குள் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மூன்று வாரம். அக்டோபரில் விதைத்த பத்தின் ஜோடி இங்கேதான் அறுவடை. 8 + 5 என்றால், எட்டுக்குப் பத்தாக இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மிச்சம் மூன்று, பத்தும் மூன்றும் பதிமூன்று. விரலை எண்ணிக்கொண்டிருந்த குழந்தை முதல் முறையாக விரலை விடும் இடம் இது. கடைசி இரண்டு வாரம் யார் எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே.

இடையில் செருகுபவை

அளவை, வடிவம், காலம், கோலம் எல்லாவற்றையும் தனிப் பாடமாக வரிசையில் நிறுத்தாமல், ஊர் நாட்காட்டியோடு ஒட்டிவிடுவது நல்லது. அரையாண்டு விடுமுறை முடிந்து வரும் ஜனவரி முதல் இரண்டு வாரம் இன்னும் மார்கழி. தெருவெல்லாம் கோலம். 1, 3, 5, 3, 1 என்று புள்ளி வைக்கும் கோலத்தில் அமைப்பும் இருக்கிறது, கூட்டலும் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் அரிசியை டம்ளரால் அளக்கலாம். பூ முழம் போடுவதுபோல் வகுப்பறையின் நீளத்தைச் சாண் போட்டு அளக்கவைத்தால், டீச்சர் சாணுக்கு ஒரு எண்ணும் குழந்தை சாணுக்கு வேறு எண்ணும் வரும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். ஸ்கேல் எதற்கு என்ற கேள்விக்கு அந்தச் சண்டைதான் பதில்.

ஒரே அறையில் ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை உட்கார்ந்திருக்கும் பள்ளிகளே நம்மிடம் அதிகம். மூன்று வகுப்புக்கு மூன்று ஆண்டுத் திட்டம் போட்டால் ஆசிரியர் ஜூலையிலேயே களைத்துப்போவார். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவர்கள் நிற்கும் இடத்தை வைத்துப் பிரித்தது இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை. என் வழி, ஒரே பொருளில் மூன்று அடுக்கு வேலை. ஒரு கூடைப் புளியங்கொட்டை. ஒரு குழு எட்டை எண்ணி எடுக்கும். இன்னொரு குழு 48ஐப் பத்துப் பத்தாகப் பிரிக்கும். மூன்றாவது குழு அதே 48ஐ ஆறு வரிசையாக அடுக்கி, வரிசைக்கு எத்தனை என்று பார்க்கும். எட்டை எண்ணும் குழந்தை பக்கத்தில் வரிசை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தப் பார்வைக்குத் திட்டத்தில் இடமில்லை, ஆனால் அது வீண்போகாது.

தினமும் வகுப்பின் முதல் பத்து நிமிடம் பழைய பாடத்துக்கு. இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஜூலையில் கற்ற ஐந்தின் பிரிவுகள் செப்டம்பரிலும் ஜனவரியிலும் வரவேண்டும். ஒருமுறை முடித்தது முடிந்தது என்று விட்டால் சின்னக் குழந்தைகள் அழகாக மறந்துவிடுவார்கள்.

நாள் குச்சி

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். பள்ளி திறந்த முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் ஒரு ஈர்க்குச்சியை ஒரு டப்பாவில் போடுகிறோம். தினம் ஒரு குழந்தையின் முறை. பத்தாவது நாள் பத்தையும் எண்ணிக் கட்டுப் போடுவோம். பத்தாவது குச்சி விழும் நாளுக்காகக் குழந்தைகள் காத்திருப்பார்கள், ரப்பர் பேண்டை யார் போடுவது என்று போட்டி நடக்கும். கரும்பலகை மூலையில் அன்றைய எண்ணை எழுதுவோம். 37 என்றால் மூன்று கட்டு, ஏழு குச்சி. அதைப் பாடமாக நடத்துவதில்லை. விளக்குவதும் இல்லை.

ஏறக்குறைய நவம்பரில் நூறாவது நாள் வரும். பத்துக் கட்டையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டவேண்டும். ஒரு கையால் பிடிக்க முடியாத அளவுக்குத் தடியாக இருக்கும். புத்தகம் அப்போது இருபதில்கூட இருக்காது. ஆனால் ஜனவரியில் பத்துகளும் ஒன்றுகளும் என்று பாடம் ஆரம்பிக்கும்போது, "டப்பாவில் பண்ணுவோமே, அதுவா டீச்சர்?" என்று யாராவது ஒரு குழந்தை கேட்கும்.

ஏப்ரல் கடைசி வாரம் எல்லாக் கட்டையும் அவிழ்த்துத் தரையில் கொட்டிவிட்டு, "இந்த வருஷம் எத்தனை நாள் பள்ளிக்கூடம் வந்தோம்?" என்று கேட்கிறேன். யாரும் ஒன்று, இரண்டு என்று ஆரம்பிப்பதில்லை. ஆளுக்குப் பத்தாக எடுத்துக் கட்டத் தொடங்குகிறார்கள். முடிந்ததும் கட்டுகளை மறுபடி பிரித்து, குச்சிகளையும் ரப்பர் பேண்டுகளையும் டப்பாவில் போட்டு, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டுகிறோம். ஜூனில் வரப்போகும் குழந்தைகளுக்குக் கை எட்டும் உயரத்தில்.